பியானோக் கம்பிக் கால்களும் முள்முருக்கு உறையும்: நீண்ட பாவனைக்குப் பிறகு

வீட்டில் கட்டும் இரட்டைச் சிறகு மொடல் விமானத்தில் அதிகம் அடிபடுவது சில்லுகளைத் தாங்கும் கால்தான். பாரமையம் உயரத்தில் இருக்கும், சில்லுகள் ஒன்றுக்கொன்று கிட்ட இருக்கும், வால் நிலத்தில் இருக்கும். என்னுடையது டைகர் மொத் என்ற பழைய பிரித்தானியப் பயிற்சி விமானத்தின் ஐந்தில் ஒரு பங்கு. அசலின் சிறகு 8.94 மீற்றர், இதற்கு 1.79 மீற்றர். ரேடியோக் கட்டுப்பாடு, பற்றறியில் ஓடும் மோட்டர். இந்தக் கால்கள் சோளகத்தையும் வாடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டன. அதனால் இப்போது துணிந்து எழுதலாம்.

கால் 4 மில்லிமீற்றர் பியானோக் கம்பி, அதாவது வில் போலத் துள்ளும் கடினமான உருக்குக் கம்பி. முன்கால், பின்கால் இரண்டும் அடியில் வி வடிவில் சேர்கின்றன. வளைவைக் கூர்மையாக எடுக்காமல், குளிரிலேயே உருண்டையாக வளைக்க வேண்டும். சேரும் இடத்தை மெல்லிய செப்புக் கம்பியால் நெருக்கமாகச் சுற்றி, வெள்ளி கலந்த ஈயத்தால் பற்றினேன். பித்தளைப் பற்று வைத்தால் இன்னும் பலமாக இருக்குமே என்று ஒட்டு வேலைக் கடையில் கேட்டபோது, அங்கிருந்த அண்ணை கம்பியைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைச் சிவக்கக் காய்ச்சினால் வில் செத்துப் போகும்" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. ஈயம் உருகும் சூட்டில் கம்பிக்கு ஒன்றும் ஆவதில்லை, பித்தளை கேட்கும் சூட்டில் அதன் துள்ளல் போய்விடும். பற்றிய பிறகு, ஈயம் பிடிக்கப் பூசிய அசிட்டை வெந்நீரும் சோடாவும் போட்டுக் கழுவுவதைத் தள்ளிப் போடாதீர்கள். நம்முடைய கடற்காற்றில் மிச்ச அசிட் ஒரு கிழமைக்குள்ளேயே துருவாகத் தெரியும்.

சில்லுகள் பூட்டும் அச்சுக் கம்பியை வி வடிவத்தின் அடியில் பற்றவில்லை. முதல் உலகப் போர்க் கால விமானங்களில் செய்தது போல ரப்பரால் சுற்றிக் கட்டினேன். அசல் டைகர் மொத்தில் இப்படி இல்லை, அதற்குச் சுருள்வில் வைத்த கால். ரப்பருக்கு நான் எடுத்தது பழைய சைக்கிள் ரியூப். யாழ்ப்பாணத்தில் இதற்குப் பஞ்சமில்லையே. ரியூப்பில் பெரும்பாலும் இருப்பது பியூட்டைல் ரப்பர். அது இயற்கை ரப்பர் போலத் துள்ளித் திருப்பி அடிக்காது, அடியின் பெரும்பகுதியைத் தனக்குள்ளேயே விழுங்கிவிடும். அதனால் இறங்கும்போது விமானம் குதித்துக் குதித்துப் போவதில்லை. இயற்கை ரப்பர் வளையங்கள் வெயிலில் வெடிக்கும் இடத்தில் இது அப்படியே கிடக்கிறது. ஒரு குறை, மெதுவாக இழுபட்டுத் தளரும். ஆகவே அவ்வப்போது அவிழ்த்துப் புதுசாகச் சுற்ற வேண்டும்.

இனி, கால் கம்பியை மூடும் உறை. இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

உருண்டைக் கம்பி காற்றில் தன் தடிப்புக்கு மிஞ்சிய இழுவையைத் தரும். முன்பக்கம் உருண்டு பின்பக்கம் கூர்ந்த உறையைப் பூட்டினால், முழு அளவு விமானத்தில் அந்த இழுவை பத்தில் ஒரு பங்கு அளவுக்கே வந்துவிடும். மொடலின் வேகத்தில் அவ்வளவு கிடைக்காது. சிறகுகளுக்கு இடையில் அத்தனை தூண்களும் கம்பிகளும் இருக்கும்போது காலுக்கு மட்டும் உறை போட்டு வேகம் கூடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். எனக்குத் தெரிந்த வித்தியாசம், மோட்டரைக் குறைத்து இறக்கும்போது கொஞ்சம் தூரம் கூடப் போகிறது. ஆனால் பார்வைக்கு வரும் அழகு, அது வேறு. கம்பிக் காலோடு விளையாட்டுப் பொருளாகத் தெரிந்தது உறையோடு விமானமாகத் தெரிகிறது.

மொடல் கட்டப் பாவிக்கும் பாரமில்லாத பல்சா மரம் கொழும்பிலிருந்து வர வேண்டும், விலையும் அதிகம். நான் முள்முருக்கை எடுத்தேன். வேலியில் நிற்கும் அதே மரம், கலியாண வீட்டில் கன்னிக்காலுக்கு வெட்டுவது. பல்சாவை விடப் பாரம், என்றாலும் காலுக்குத் தாங்கும். நிழலில் நன்றாகக் காயவிட்டே சீவ வேண்டும், ஈரத்தோடு சீவினால் பிறகு முறுக்கும், பூச்சியும் வரும். மேலே பட்டம் கட்டும் மெல்லிய ரிசுத்தாளை நீர்த்த மரப்பசையால் ஒட்டி வார்னிஷ் பூசினேன். படகு கட்டுகிறவர்களிடம் கிடைக்கும் பைபர் பாய் (கண்ணாடி நார் விரிப்பு) இதற்கு மிகவும் தடிப்பு, றெசினைக் குடித்துப் பாரம் ஏறிவிடும்.

உறையைக் கம்பியில் எப்படிப் பிடிப்பது என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததால், வேண்டுமென்றே இடக்காலில் விறைப்பாகக் காயும் எப்பொக்சிப் பசையும் வலக்காலில் ரப்பர் போலக் காயும் சிலிக்கன் பசையும் வைத்துப் பார்த்தேன். அறுவடை முடிந்த வயல் தரையில் ஓட்டிய முதல் பருவத்திலேயே இடக்காலின் கீழ் வளைவுக்கு மேலே மயிரிழை வெடிப்பு வந்தது. மாரியில் அதற்குள் ஈரம் போய், உரித்துப் பார்த்தபோது உள்ளே கம்பி செம்பழுப்பாக இருந்தது. வலக்கால் இன்றைக்கும் அப்படியே. காரணம் எளிது: இறங்கும்போது கம்பி வளைய வேண்டும், மரம் வளையாது. இரண்டையும் ஒன்றாக்கினால் மெலிந்தது வெடிக்கும். இப்போது இரண்டு காலிலும் சிலிக்கன்தான். மேல் முனையில் மட்டும் நூலால் கட்டு, கீழே சிறு இடைவெளி, அதை மூட ரியூப் துண்டு. முன்கால் உறையும் பின்கால் உறையும் ஒன்றையொன்று தொடக்கூடாது.

சிலிக்கன் வாங்கும்போது மணந்து பாருங்கள். வினாகிரி மணம் அடிப்பது அசற்றிக் அமிலம் விடும் வகை, இரும்பை அரிக்கும். மணமில்லாத நடுநிலை வகையைக் கேளுங்கள். கம்பிக்கு முதலில் பிறைமர் அடித்துவிட்டால் இன்னும் நல்லது.

உறையின் பின்கூர், விமானம் பறக்கும் திசைக்கு நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் திரும்பினாலும் அது சுக்கான் வேலை பார்க்கத் தொடங்கும். அதிலும் கால்கள் பாரமையத்துக்கு முன்னே இருப்பதால் அங்கே கூடும் ஒவ்வொரு பரப்பும் மூக்கைப் பக்கவாட்டில் இழுக்கத்தான் பார்க்கும். அகலமாகச் செய்யும் ஆசையை விட்டு, கம்பியை மூடிக் கூர் வருமளவு மட்டும் வைத்தேன். சில்லுக்கு மேல் மூடியும் போடவில்லை. வயலில் அதற்குள் வைக்கோலும் மண்ணும் அடைத்துக்கொள்ளும்.