தூக்கிவிட வேண்டாம், சரிவுப்பாதை போடுங்கள்

முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு நான் ஊருக்கு வருவது இது மூன்றாவது முறை. முன்பு இருமுறையும் தம்பி தள்ள, கையால் தள்ளும் சக்கர நாற்காலியில் வந்தேன். இம்முறை சிங்கப்பூரிலிருந்து என் மின்சாரச் சக்கர நாற்காலியோடு கொச்சியில் இறங்கி, பாலக்காட்டுப் பக்கம் உள்ள எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறைக்குப் போனேன்.

பேட்டரி விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயணம் நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான். மடக்கும் நாற்காலியின் லித்தியம் பேட்டரியைக் கழற்றிக் கையோடு விமானத்துக்குள் கொண்டுபோக வேண்டும். அதன் கொள்ளளவு 300 வாட்-மணிக்கு (வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வரும் எண்) மேல் இருக்கக் கூடாது. இரண்டு பேட்டரி உள்ள நாற்காலி என்றால் ஒவ்வொன்றும் 160க்குள். என்னுடையது 24 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 240. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி, பேட்டரியின் மேல் அச்சிட்ட எண்களின் படத்தையும் வைத்திருந்தேன். டிக்கெட் எடுத்த அன்றே டபிள்யூ.சி.எச்.சி. என்ற குறியீட்டையும் கேட்டுப் போட்டுக்கொண்டேன். ஓர் அடிகூட நடக்க முடியாது, இருக்கை வரை உதவி வேண்டும் என்று பொருள். வெறுமனே 'வீல்சேர் வேண்டும்' என்றால், படியேறக்கூடியவர் என்று எழுதிவிடுவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் விமான நிறுவனம் நாற்காலியை விமான வாசலில் தராமல் பெட்டிகளோடு அனுப்பிவிட்டது. கால்தாங்கி வளைந்து வந்தது. அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் அந்த நாற்காலிதான் எனக்குக் கால்; அது ஒரு சாமான் அல்ல. வெளியேறும் முன்பே புகாரை எழுத்தில் பதிந்து நகல் வாங்கிக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அந்த நாளில் என் மனம் ஆறியது ஓர் உதவியாளரால். பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசிய இளைஞர். "சேச்சி, எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார். ஆறு ஆண்டுகளில் தொடுவதற்கு முன் இப்படிக் கேட்டவர்கள் மிகச் சிலர்.

குதிரான் சுரங்கப்பாதை வழியாகப் பாலக்காட்டுக்கு வந்தோம். 2021இல் அது திறப்பதற்கு முன்பு அந்த மலைச்சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் முதுகில் இறங்கும். அரை மணிக்கொரு முறை கைகளை ஊன்றி உடலைச் சற்றுத் தூக்கி இறக்காவிட்டால் எனக்குப் படுக்கைப்புண் வந்துவிடும் என்பதால், வழியில் நின்று நின்றுதான் போனோம்.

மலம்புழையில் அணையும் கானாயி குஞ்ஞிராமனின் யட்சி சிலையும் பார்த்தோம். ஆனால் என் மகளின் ஆசை கேளிக்கைப் பூங்கா. அந்தப் பக்கத்தில் ஒன்றுக்குப் போனோம். வாசலில் சக்கர நாற்காலி தந்தார்கள், வரிசையில் நிற்க வைக்கவில்லை, அன்பாகவே பேசினார்கள். ஒவ்வொரு ராட்டினத்தின் முன்பும் படிகள் இருந்தன. படிகளைக் கண்டதும் நான்கு பேர் ஓடிவந்தார்கள்: "தூக்கிவிடுகிறோம் அக்கா!"

அந்த நல்ல மனதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வில்லை. இருக்கையின் விளிம்பில் தொடை உரசிக் கிழிந்தாலும் அப்போது தெரியாது. இரவில் உடை மாற்றும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். அந்தப் புண் ஆற மாதங்கள் ஆகலாம். இருக்கையில் நிமிர்ந்து உட்கார உடம்பில் பிடிப்பும் வேண்டும், ராட்டினம் பாதியில் நின்றால் இறங்க வழியும் வேண்டும். அதனால் மறுத்தேன். மகள் தனியாக ஏறினாள், கீழிருந்து கையசைத்தேன்.

ஓரிடத்தில் படிகளின் மேல் பலகை சாய்த்துச் சரிவுப்பாதை என்றார்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் அளவு. அந்தப் பலகை நான்கடி இருந்தால் அதிகம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியாருக்கும் பொருந்தும் என்று மேலாளரிடம் சொன்னேன். நீர் விளையாட்டுப் பகுதிக்கு, நனைந்தாலும் கெடாத நாற்காலி ஒன்றாவது வாங்கி வையுங்கள் என்றும் கேட்டேன். மின்சார நாற்காலியைத் தண்ணீரில் இறக்க முடியாது. அவர் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் டேப்பை எடுத்து எங்கள் திண்ணையை அளந்தான். ஒன்றரை அடி. பதினெட்டு அடி நீளம் வேண்டும், வாசலில் அவ்வளவு இடமில்லை. கிணற்றுப் பக்கமாகச் சுவரை ஒட்டி வளைத்து, நடுவில் திரும்பச் சமதளம் விட்டால் வரும் என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டினான். மறுநாள் காலை கொத்தனார் வந்தார்.