சேணம் இல்லாத சவாரிக்கு எந்த பேட்: ஃபோமா, கம்பளி ஃபெல்ட்டா?

சேணம் இல்லாமல் சவாரி பழகுகிறவர்கள் குதிரையின் முதுகில் போடும் பேர்பேக் பேடைப் பலரும் மலிவு விலைச் சேணம் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். அங்கேயே கணக்கு தப்பிவிடுகிறது. சேணத்துக்குள் ட்ரீ என்ற கெட்டியான சட்டம் இருக்கும். அது முதுகெலும்பைத் தொடாமல், இருபுறத் தசையின் மேலும் எடையைப் பரப்பும். பேடில் சட்டம் கிடையாது. தடித்த விரிப்பு, ஒரு வார், அவ்வளவுதான். அது சவாரி செய்பவரைப் பிடித்து வைக்காது. குதிரையின் முதுகைக் காப்பதுதான் அதன் வேலை. அந்த ஒரு வேலையை எப்படிச் செய்கிறது என்று பார்த்துத்தான் மதிப்பெண் போட வேண்டும்.

வெறும் முதுகில் உட்கார்ந்தால் குதிரைக்கு இதம் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. உண்மையில் நம் இடுப்பின் அடியில் உள்ள இரண்டு எலும்புகள் சின்னப் பரப்பில் குத்தி இறங்குகின்றன. அமெரிக்காவில் கால்நடை மருத்துவ ஆய்வாளர் ஹிலரி கிளேட்டன் குழுவினர் குதிரையின் முதுகில் அழுத்தத்தை அளக்கும் விரிப்பைப் போட்டுச் சோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொன்னது: சேணம் இல்லாதபோது எடையைத் தாங்கும் பரப்பு சுருங்குகிறது, அழுத்தம் அந்த எலும்புகளுக்குக் கீழே குவிகிறது. நம்மூர் சவாரிப் பள்ளிகளில் பந்தயத்திலிருந்து வந்த தரோபிரெட் குதிரைகள் நிறைய. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடான விதர்ஸ் அவற்றுக்கு உயர்ந்து நிற்கும். வேலை இல்லாமல் நின்ற குதிரையாக இருந்தால் இருபுறமும் தசை வற்றி, முதுகெலும்பு வயல் வரப்பு மாதிரி தெரியும். அந்த முதுகில் மெல்லிய பேட் இருந்தும் ஒன்று, இல்லாமலும் ஒன்று.

கடையில் கிடைப்பவற்றில் அதிகம் விற்பது, மேலே செயற்கை ஸ்வேட், நடுவில் ஃபோம், அடியில் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் வைத்துத் தைத்த வகை. வாங்கும் முன் ஒரு பக்கம் கட்டைவிரலும் மறுபக்கம் ஆள்காட்டி விரலுமாகப் பலமாக அழுத்துங்கள். விரலும் விரலும் ஒன்றையொன்று உணர்ந்தால், 70 கிலோ ஆள் ஏறியதும் அந்த ஃபோம் காகிதமாகிவிடும். அடுத்து பேடைக் கவிழ்த்துப் போடுங்கள். நடுவில் நீளவாக்கில் மூன்று விரல் அகலத்துக்கு வெற்றிடம், அதன் இரு பக்கமும் தனித்தனி ஃபோம் பட்டைகள் என்று இருந்தால் முதுகெலும்புக்கு இடம் விட்டிருக்கிறார்கள். மலிவான பேடுகளில் நடுவே ஒரு தையல்கோடு மட்டும் ஓடும். பார்க்கப் பள்ளம் போல இருந்தாலும் அது அலங்காரம்தான். போதாக்குறைக்கு அந்தத் தையல் முடிச்சே எலும்பின் மேல் உரசும்.

நியோப்ரீனுக்கு ஒரு நல்ல குணம், வழுக்காமல் ஒட்டிப் பிடிக்கும். நம் வெயிலில் அந்தக் குணமே வினை. காற்றுப் போகாது, கால் மணி நேரத்தில் அடியில் வியர்வை குளம் கட்டும், ஊறிய முடி உரசித் தேயும். கம்பளி இழையை அழுத்திச் செய்த தடித்த ஃபெல்ட் பேட் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். 2 சென்டிமீட்டருக்குக் குறையாத அசல் கம்பளி என்றால் வியர்வையை உறிஞ்சும், அழுத்தினாலும் சட்டென்று தட்டையாகாது. மழைக்காலத்தில் காயாது என்பதுதான் அதன் குறை. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வாஷிங் மெஷினில் போட்டால் சுருங்கி, பலகையாகிவிடும். பிரஷ்ஷால் முடியைத் தட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் விரித்துக் காயவைக்க வேண்டும். இவ்வளவு மெனக்கெட முடியும் என்றால் ஃபெல்ட்டையே வாங்குங்கள்.

இரண்டு வகையிலும் சொதப்புவது கர்த், அதாவது வயிற்றுவார். பேடோடு சேர்த்தே தைத்துக் கொடுக்கும் இரண்டு அங்குல நைலான் பட்டை முழங்கைக்குப் பின்னால் தோலை அறுக்கும். வேறு கர்த் மாட்டிக்கொள்ள வசதியாகப் பக்கிள் வார்கள் தொங்கும் மாதிரிதான் நல்லது. பேட் சரிகிறதே என்று கர்த்தை இறுக்கிக்கொண்டே போவது எல்லோரும் செய்யும் தப்பு. சேணத்தில் அந்த இறுக்கத்தைச் சட்டம் வாங்கிக்கொள்ளும். இங்கே சட்டம் இல்லை, இழுப்பு முழுவதும் விதர்ஸ் மேல் விழும். வாருக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். அதற்கு மேலும் பேட் சரிந்தால், உட்கார்ந்திருப்பவர் ஒரு பக்கமாகச் சாய்கிறார் என்று அர்த்தம். குறை வாரில் இல்லை.

அங்கவடி மாட்ட வளையம் வைத்த பேடுகளும் விற்கின்றன. அவற்றை வாங்காதீர்கள். அங்கவடியில் காலை ஊன்றியதும் மொத்த எடையும் முதுகின் குறுக்கே ஒரே ஒரு பட்டையில் இறங்கும். ஒரு காலில் கொஞ்சம் கூட ஊன்றினால் பேட் வயிற்றுக்கடியில் சுற்றிக்கொள்ளும், கால் அங்கவடியில் மாட்டிக்கொள்ளும். முன்னால் இருக்கும் கைப்பிடியையும் நம்ப வேண்டாம், இழுத்தால் பேடும் கூடவே வரும். குதிரையின் கழுத்தில் பழைய தோல் வார் ஒன்றைத் தளர்வாகக் கட்டி, தடுமாறும்போது அதைப் பிடிப்பதே பத்திரம்.

போடும்போது கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்பக்கமாக இழுங்கள், அடியில் முடி படிந்துகொள்ளும். முன்விளிம்பு தோள்பட்டை எலும்புக்கு இரண்டு மூன்று விரல் பின்னால் நிற்கட்டும், பின்விளிம்பு கடைசி விலா எலும்பைத் தாண்டக்கூடாது. தரையிலிருந்து எம்பி ஏறினால் பேட் திரும்பிவிடும். ஏறுமேடை கட்டாயம்.

சமநிலைக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் முதல் வாரம் நடை மட்டும், 10 முதல் 15 நிமிடம், குதிரையை வட்டமாக நடத்தும் நீளமான லஞ்ச் கயிற்றை விஷயம் தெரிந்த ஒருவர் பிடித்திருக்க. நடத்தி நிறுத்தி, மறுபடி நடத்துங்கள். நிற்கும்போது உடல் முன்னால் சாய்கிறதா என்பதே பரீட்சை. கால்களைத் தளர்த்தித் தொங்கவிட்டால் குதிரையின் இடது பின்னங்கால் முன்னே வரும்போது நம் இடுப்பின் இடப்பக்கம் இறங்குவது தெரியும். குதிரையோடு தொடர்பு என்று பெரிதாகச் சொல்வதன் அரிச்சுவடி இதுதான். இது பிடிபட்ட பிறகு 20 மீட்டர் வட்டத்தில் ஏழெட்டு காலடி மட்டும் டிராட் என்ற மெதுவோட்டம், உடனே நடை. பயத்தில் முட்டியால் இறுக்கினால் இடுப்பு மேலே எம்பும், குதிகால் விலாவில் குத்தும், குதிரையோ வேகமாகப் போகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். சிலிகோன் ஒட்டு வைத்த சவாரிக் கால்சட்டையும் அன்று வேண்டாம், துணி பிடித்துக்கொண்டால் உடம்பு பழகாது.

இறங்கியதும் பேடைத் தூக்கி முதுகைப் பாருங்கள். வியர்வை இரு பக்கமும் ஒரே மாதிரி படிந்திருந்தால் சரி. இடுப்புப் பக்கம் முடி கலைந்திருந்தால் பேட் பின்னுக்கு நழுவியிருக்கிறது. நனைந்த முதுகின் நடுவே, நீங்கள் உட்கார்ந்த இடத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு இரண்டு காய்ந்த திட்டுகள் இருந்தால் ஃபோம் செத்துவிட்டது, அந்த பேடை இனிமேல் போடாதீர்கள்.