டிரெயில் கேமரா படங்களை நிலாவோடு பொருத்திப் பார்க்க எந்த வரைபடம் சரிப்பட்டு வரும்?

விலங்கு கடந்து போகும்போது தானாகவே படம் எடுக்கும் டிரெயில் கேமராவின் படத்தின் அடியில் தேதி, நேரம், வெப்பநிலையோடு ஒரு குட்டி நிலாவும் வரும். பினாங்கில் பாலிக் புலாவ் பக்கம் டுரியான் தோட்டத்தில் கேமரா கட்டியிருப்பவர்கள் பலர் அதைப் பார்த்துத்தான் "பௌர்ணமிக்குப் பன்றி வராது", "இருட்டு நாளில்தான் மூசாங் (புனுகுப்பூனை) இறங்கும்" என்றெல்லாம் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையா என்று பார்க்க வரைபடம் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அதே படங்களை வேறு வேறு விதமாக வரைந்தால் பதிலும் வேறு வேறாக வரும். என் ஓட்டு, ஒரு பக்கம் திதி, மறுபக்கம் மணி என்று போடும் கட்டத்துக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

பலரும் முதலில் போடுவது எட்டுப் பிறைக்கு எட்டுப் பட்டை. போடுவதும் சுலபம், பார்த்தவுடன் புரியும். நிலாச் சுற்று 29.53 நாள், அதை எட்டால் வகுத்தால் ஒரு பட்டைக்கு 3.7 நாள் வரும், அப்படிச் சமமாகப் பிரித்தால் குறை சொல்ல மாட்டேன். சிக்கல் எங்கே என்றால், சில மென்பொருள்கள் பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அரைநிலா ஆகியவற்றுக்கு ஆளுக்கு ஒரு நாள் மட்டும் கொடுத்துவிட்டு மிச்ச நாட்களை எல்லாம் இடைப்பட்ட பிறைகளில் கொட்டிவிடும். அப்போது பௌர்ணமிப் பட்டை குட்டையாகத்தான் நிற்கும், அதில் இருப்பதே ஒரு ராத்திரிதானே! இன்னொன்று, கேமரா வானத்தைப் பார்த்து அந்த நிலாவைப் போடுவதில்லை, நாம் வைத்த தேதியிலிருந்து கணக்குப் போடுகிறது. பேட்டரி மாற்றும்போது தேதி பழையபடி திரும்பிவிட்டால் நிலாவும் தப்பு.

அடுத்தது வெளிச்ச சதவீதம். பூஜ்யத்திலிருந்து நூறு வரை கீழே போட்டு, படங்களின் எண்ணிக்கையை மேலே போடுவது. பார்க்க அறிவியல் மாதிரி இருக்கும், எனக்கு இருப்பதிலேயே பிடிக்காதது இதுதான். நிலா எல்லாச் சதவீதத்திலும் ஒரே அளவு நேரம் தங்குவதில்லை. 90-க்கு மேல் ஏறக்குறைய ஆறு நாள் நிற்கும், பத்துக்குக் கீழேயும் ஆறு நாள், ஆனால் 45-இலிருந்து 55 வரை உள்ள பகுதியை வளரும்போதும் தேயும்போதும் சேர்த்தே இரண்டு நாளுக்குள் தாண்டிவிடும். அதனால் விலங்குகள் நிலாவைப் பற்றிக் கவலையே படாமல் தினமும் ஒரே மாதிரி வந்தாலும், இந்த வரைபடத்தில் இரண்டு ஓரத்திலும் மேடு, நடுவில் பள்ளம் தெரியும். அதைப் பார்த்து "இருட்டிலும் வருது, முழுநிலவிலும் வருது, அரைநிலவில்தான் வரலை" என்று ஒருவர் கதை கட்டினால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். அப்புறம், 50 சதவீதம் என்றால் பாதி வெளிச்சம் என்றும் நினைத்துவிடக் கூடாது. அரைநிலாவின் ஒளி முழுநிலாவில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

இதைவிடப் பெரிய குறை, வளர்பிறை அஷ்டமியும் தேய்பிறை அஷ்டமியும் அதில் ஒரே புள்ளியில் விழும். ராத்திரியில் இரண்டும் நேர் எதிர். பினாங்கு சுமார் 100 பாகை தீர்க்கரேகையில் இருந்துகொண்டு 120 பாகைக்குரிய நேரத்தைப் பின்பற்றுகிறது, அதனால் நம் ஊரில் நடு இரவு உண்மையில் ஒன்றேகால் மணி வாக்கில்தான். வளர்பிறை அஷ்டமி நிலா அந்த நேரத்துக்கு மறைந்துவிடும், தேய்பிறை அஷ்டமி நிலா அப்போதுதான் எழும். இரவு பத்து மணிக்கு வந்த பன்றி ஒரு நாள் நிலவில் நடந்திருக்கிறது, இன்னொரு நாள் கும்மிருட்டில் நடந்திருக்கிறது. சதவீதக் கணக்கில் இரண்டும் ஒன்று!

வட்ட வரைபடம் அழகு. சுற்று முடியும் இடமும் தொடங்கும் இடமும் ஒட்டியிருப்பதால் அமாவாசை இரண்டாக வெட்டுப்படாது. ஆனால் மணிநேரம் அதில் இல்லை, அதனால் மேலே சொன்ன குறை இதிலும் தீரவில்லை.

சரி, திதிக் கட்டத்துக்கு வருவோம். திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள கோணத்தை 12 பாகையாகப் பிரித்த முப்பது கூறு. நிலா ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான அளவு வேண்டாம், அதுவும் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியிலேயே இருக்கிறது. இந்தியாவில் அச்சான பஞ்சாங்கம் என்றால் இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். எக்செலில் செய்பவர்கள் படத்தின் நேரத்திலிருந்து 2000 ஜனவரி 7, அதிகாலை 2.14-ஐக் கழித்து (நம் நேரப்படி அன்று அமாவாசை) 29.530588-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் போதும், அமாவாசை கழிந்து எத்தனை நாள் என்று கிடைக்கும், அரை நாளுக்குச் சற்று மேல் வரை முன்பின் ஆகலாம். கிடைமட்டத்தில் முப்பது திதி, செங்குத்தில் மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வருகை என்று நிறம். நிலா மறைவதும் எழுவதும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால் வளர்பிறையில் ஒன்றும் தேய்பிறையில் ஒன்றுமாக இரண்டு சாய்கோடுகள் கிடைக்கும். வருகைகள் அந்தக் கோட்டை ஒட்டித் தொடங்கினாலோ நின்றாலோ நிலாவுக்குப் பங்கு இருக்கிறது. எந்தத் திதியாக இருந்தாலும் அதே மூன்று, நான்கு மணிக்குப் படுக்கைப் பட்டையாகத் தெரிந்தால், பழம் விழும் நேரத்துக்கு வருகிறது, நிலாவைக் குறை சொல்லாதீர்கள்.

ஆர் என்ற கணினி மொழி தெரிந்தவர்கள் சன்கால்க் தொகுப்பை வைத்து ஒவ்வொரு படத்துக்கும் அந்த நிமிடத்தில் நிலா எவ்வளவு உயரத்தில் இருந்தது என்றே எடுக்கலாம். துல்லியத்தில் அதுதான் முதல். தோட்டக்கார அண்ணனிடம் காட்டிப் பேசக் கட்டம்தான் உதவும்.

எதை வரைந்தாலும் முதலில் படங்களை வருகைகளாகச் சுருக்குங்கள். ஒரு பன்றி இருபது நிமிடம் மண்ணைக் கிளறினால் படம் நூறைத் தாண்டும். அரை மணி நேர இடைவெளிக்குள் வந்த ஒரே இனத்தை ஒரு வருகையாக வைப்பது வழக்கம். பிறகு கேமரா உண்மையில் ஓடிய இரவுகளால் வகுக்க வேண்டும். இனங்களையும் கலக்க வேண்டாம். 2014-இல் ஆய்வாளர்கள் லாரா புரூவும் கிறிஸ்டோபர் கோல்டனும் இரவாடிப் பாலூட்டிகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், கண்ணை நம்பி வாழும் இனங்களும் மற்றவையும் நிலவொளியில் வெவ்வேறு மாதிரி நடந்துகொள்வது தெரிந்தது.

டுரியான் பருவம் தனிக் கவனம் கேட்கிறது. ஜூன், ஜூலை என்று எடுத்தால் அதற்குள் பெரும்பாலும் இரண்டு பௌர்ணமிதான் வரும். அதில் ஒன்று பழம் கொட்டும் வாரத்தில் விழுந்துவிட்டால் போதும், பௌர்ணமிக்குக் கூட்டம் என்று வரைபடம் சத்தியம் செய்யும். பருவத்தையும் பருவம் இல்லாத மாதங்களையும் தனித்தனிக் கட்டமாகப் போடுங்கள். அதே மாதிரி தெலுக் பஹாங் காட்டுக்குள் இருக்கும் கேமராவைத் தோட்டத்துக் கேமராவோடு சேர்க்காதீர்கள். முழுநிலா உச்சியில் இருந்தாலும் வெட்டவெளியில் 0.3 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் கிடைப்பது அரிது, அடர்ந்த இலைக்கூரையைத் தாண்டித் தரைக்கு வருவது அதில் ஒன்றிரண்டு சதவீதம்தான்.