யூடெக்: பிளவுபட்ட பாறைச் சரிவுகளுக்கு ஏற்றதா?
பாறைச் சரிவுகள் இடிவது பெரும்பாலும் பாறை நொறுங்கி அல்ல, பிளவுகள் வழியே நழுவித்தான். இட்டாஸ்கா நிறுவனத்தின் யூடெக் (UDEC) என்ற கணினி மென்பொருள் அந்தப் பிளவுகளை வைத்தே மாதிரியைக் கட்டுகிறது. அடிப்படை, பீட்டர் கண்டால் 1971இல் முன்வைத்த தனித்துண்டு முறை: பாறையைப் பிளவுகளால் பிரிந்த தனித்தனித் துண்டுகளாகக் கணக்கிடுவது. துண்டுகள் சுழலும், பிரியும், வேறிடத்தில் மீண்டும் தொடும். அடுக்குகள் கவிழும் சரிவுகளுக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம்.

பழகும்வரை படுத்தும். துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று அதிகம் நுழைந்துவிட்டதாகச் சொல்லி கணக்கீட்டு ஓட்டம் நின்றால், பிளவுத் தளத்துக்குச் செங்குத்தான திசையில் பிளவின் விறைப்பு குறைவு, அல்லது மூலை உருட்டல் நீளம் (துண்டுகளின் கூர்மூலைகளை வளைவாக்கும் அளவு) போதவில்லை. அந்த நீளம் துண்டு விளிம்பில் சுமார் 1% இருக்கட்டும். விறைப்பைக் கண்டபடி ஏற்றினாலோ காலப்படி (கணக்கீடு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர அளவு) சுருங்கி ஓட்டம் ஊரும். விறைப்புக்கு உச்சவரம்பு: பாறையின் பருமக் குணகத்துடன் (அமுக்கத்துக்கு எதிர்ப்பு) சறுக்குப்பெயர்ச்சிக் குணகத்தின் (உருத்திரிபுக்கு எதிர்ப்பு) 4/3 பங்கைக் கூட்டி, பிளவை ஒட்டிய வலைக்கண்ணின் மிகக் குறைந்த அகலத்தால் வகுத்து வருவதில் 10 மடங்கு.

மாதிரியில் சரிவை வெட்டுவதற்கு முன்பே அதைப் புவியீர்ப்பில் சமநிலைக்குக் கொண்டுவாருங்கள். இல்லையெனில் தொடக்க அதிர்ச்சியிலேயே பிளவுகள் நழுவி, பாதுகாப்புக் காரணி (தாங்கும் வலிமைக்கும் இடிக்கும் விசைக்கும் உள்ள விகிதம்) பொய்யாகும். நீரழுத்தத்தை விட்டுவிட்டால் முடிவைக் குப்பையில் போடலாம்.

யூடெக் இருபரிமாணம்தான். இரு பிளவுகள் சாய்வாக வெட்டும் ஆப்புச் சரிவுக்கு இது உதவாது. அதற்கு அதே நிறுவனத்தின் முப்பரிமாண மென்பொருளான திரீடெக் (3DEC).