14 வருடமாகக் கடிதத்தில் புழங்கும் 'வெயிட்'டும் 'எக்ஸ்பெக்ட்'டும்

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்ட அலுவலகத்தில் 14 வருடமாக வியாபாரிகளுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறேன். என்னை அதிகம் தடுமாற வைத்தவை காத்திருப்பைச் சொல்லும் வினைச்சொற்கள். நமக்கு 'எதிர்பார்த்துக்கிட்டு இருக்கேன்' ஒன்றே போதும். கணிப்பு, வழி பார்த்து உட்கார்ந்திருப்பது, ஆசை எல்லாம் அதில் அடங்கிவிடும். ஆங்கிலத்தில் அதெல்லாம் தனித்தனி.

சேலத்திலிருந்து ஒருவர் நாலு மணிக்கு வருவதாகச் சொன்னால், காலையிலிருந்தே அவரை 'எக்ஸ்பெக்ட்' செய்கிறேன், என் வேலையைப் பார்த்துக்கொண்டே. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வர வேண்டியவர் நாலரை ஆகியும் வரவில்லை, கேட்டருகே போய் நின்று ரோட்டையே பார்க்கிறேன். அது 'வெயிட்'.

'ஆன்டிசிபேட்' எனக்குப் புரிந்த இடம் காபி காயப்போடும் களம். டிசம்பரில் கிழக்கே கருத்துக்கொண்டு வருகிறது. மழை வரும் என்று நினைப்பது 'எக்ஸ்பெக்ட்'. வருவதற்குள் மேஸ்திரி எல்லாவற்றையும் குவித்து, தார்ப்பாய் போட்டு, ஓரங்களில் கல் வைத்துவிடுகிறார், அது 'ஆன்டிசிபேட்'. இப்போது பலர் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறார்கள். நான் பிரித்துத்தான் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு பெரியவருக்கு 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை பை மண்டே' என்று எழுதினேன். பணிவாகத்தான் நினைத்து எழுதினேன். மறுநாளே போன் வந்தது: "என்ன தம்பி, உத்தரவெல்லாம் போடுறீங்க?" ஒருவரிடம் ஒன்றை 'எக்ஸ்பெக்ட்' செய்கிறேன் என்றால் அது கட்டளையாகிவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ'வுக்கு மாறிவிட்டேன். அந்த 'டு'வுக்குப் பின் 'ஹியர்' வராது, 'ஹியரிங்'தான்.

'அவெயிட்'டும் காத்திருப்பதுதான், ஆனால் கடித பாஷை, 'ஃபார்' சேர்க்கக் கூடாது. யாருக்காக, எதற்காக என்று சொல்லும்போது 'வெயிட்'டுக்கு அது வேண்டும். எங்கள் பழைய ஃபைல்களில் இரண்டும் இடம் மாறியே கிடக்கின்றன. இன்னொன்று, 'ஷி இஸ் எக்ஸ்பெக்டிங்' என்று நிறுத்திவிட்டால் அந்தப் பெண் கர்ப்பமாக இருக்கிறார் என்றே அர்த்தம்.

நான் அதிகம் யோசித்து எழுதுவது மார்ச் மாதக் கடிதம். மொட்டு தயாராக நிற்கும், பூ விரிய ஒரு நல்ல மழை வேண்டும். அதுவரை விளைச்சலைப் பற்றி 'வீ ஹோப்' என்றுதான் எழுதுவேன். மழை பெய்து பத்து நாளில் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்தால் அடுத்த கடிதத்தில் 'வீ எக்ஸ்பெக்ட்' வரும். எங்கள் பழைய வியாபாரி ஒருவர் அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் விலை பேசவே ஆரம்பிப்பார்.