மருந்தின் பெயரை ரசீதில் எழுதித் தரும் மர மில்

சமையலறை அலமாரிக்கும் கட்டில்களுக்கும் வேண்டிய ரப்பர் மரப் பலகைகளை, குமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு மர மில்லில் வாங்கினோம். பலகை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த மில்லைப் பற்றி எழுதத் தூண்டியது, ‘போராக்ஸ், போரிக் அமிலம்’ என்று மரத்தில் ஏற்றிய மருந்தின் பெயரைக் கேட்காமலேயே ரசீதில் எழுதித் தந்த வழக்கம்தான். களியக்காவிளையிலிருந்து குலசேகரம் வரை மரக்கடைகளுக்குக் குறைவில்லை. பெரும்பாலானவற்றில் ‘ட்ரீட்டட்’ (மருந்து ஏற்றியது) என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும்.

ரப்பர் மரத்துக்கு மருந்து ஏற்றாமல் முடியாது. தேக்கிலும் அயனியிலும் இருப்பதுபோல வைரம் பாய்ந்த நடுப்பகுதி அதில் கிடையாது. மாவுச்சத்து மிகுந்த வெள்ளை மரம்தான் முழுவதும். வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்து நீலக்கறை படியும், அதற்குப் பின் வண்டு துளைத்து மாவாக உதிர்க்கும். ஆகவே எந்த மருந்து என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு காலத்தில் நீலக்கறையைத் தடுக்க சோடியம் பென்டாகுளோரோபீனேட் கரைசலில் பலகைகளை முக்கி எடுப்பது தொழிலில் சாதாரணமாக இருந்தது. அதன் மூலப்பொருளான பென்டாகுளோரோபீனால் தோல் வழியாகவும் உடலில் இறங்கும். தயாரிப்பின்போதே டயாக்சின் என்ற கொடிய நச்சு வகை மாசுகள் அதில் கலந்துவிடுகின்றன. இந்தியாவில் அது தடைசெய்யப்பட்ட பூச்சிக்கொல்லிகளின் பட்டியலில் இருக்கிறது. எளிதில் சிதையாமல் நிலைத்து நிற்கும் கரிம மாசுகளைப் பற்றிய சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையிலும் 2015-இல் சேர்க்கப்பட்டது. மரவண்டுக்கும் கறையானுக்கும் பயன்பட்டு வந்த லிண்டேனின் தயாரிப்பும் இறக்குமதியும் 2011 மார்ச் 25 முதலும், பயன்பாடு 2013 மார்ச் 25 முதலும் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டன. ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகியவை அதற்கு வெகு முன்பே போய்விட்டன.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், கேரள எல்லையோரத்தில் ஒரு வன்பொருள் கடையில் பழைய மதுப் புட்டிகளில் ஊற்றிய பழுப்பு நிறத் திரவம் ‘மரத்துக்கு அடிக்கும் மருந்து’ என்ற பேரில் விற்பனைக்கு இருந்ததைப் பார்த்தேன். பெயர் கேட்டதற்கு, “அந்தப் பக்கத்துச் சரக்கு சார், நல்லா நிற்கும்” என்ற பதில்தான் கிடைத்தது. அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் மத்தியச் சட்டம்; கேரளத்துப் பாறசாலைக்கும் தமிழ்நாட்டு மார்த்தாண்டத்துக்கும் பட்டியல் ஒன்றே. ஆபத்து என்று கருதினால் ஒரு மாநில அரசு தன் எல்லைக்குள் 60 நாட்களும், விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாட்களும் விற்பனையை நிறுத்தி வைக்கலாம். மத்திய அரசு விலக்கிய ஒன்றைத் திரும்ப அனுமதிக்கும் அதிகாரம் எந்த மாநிலத்துக்கும் கிடையாது. முறையான புட்டியில் பதிவு எண், காலாவதித் தேதி, விஷமுறிவுக் குறிப்பு ஆகியவற்றோடு ஒரு சாய்சதுரமும் இருக்கும்: சிவப்பு என்றால் மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பின் நீலம், கடைசியாகப் பச்சை. இவை எதுவுமில்லாத புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரிந்திருக்காது.

மில்லுக்கு வருகிறேன். பலகைகளை நீண்ட இரும்பு உருளைக்குள் அடுக்கி மூடி, முதலில் காற்றை உறிஞ்சி, பிறகு கரைசலை அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். அதன்பின் சூட்டறையில் உலர்த்துகிறார்கள். மேலே பூசும் மருந்து மேற்பரப்பைத் தாண்டி அதிகம் இறங்காது. ஆசாரி இழைப்புளி போட்டதும் பாதி போய்விடும். உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றதும், உரிமையாளர் முகம் கோணாமல் ஒரு பலகையின் நுனியைத் தள்ளி, நடுவிலிருந்து துண்டு ஒன்றை அறுத்தார். சாராயத்தில் ஊறவைத்த மஞ்சள் சாற்றைத் தடவிக் காயவிட்டு, அதன்மேல் அமிலக் கரைசலைத் தடவினார். மருந்து ஏற்றாத ஒரு துண்டு மஞ்சளாகவே நின்றது. எங்கள் பலகையோ ஓரத்திலிருந்து நடுப்பகுதி வரை குங்குமச் சிவப்பாக மாறியது. போராக்ஸிலும் போரிக் அமிலத்திலும் உள்ள போரான் இருக்கும் இடத்தில் மஞ்சள் சிவக்கும் என்பது வேதியியல் அறிந்தோருக்குப் பழைய செய்தி. ஆனால் வாடிக்கையாளர் முன்னால் அதைச் செய்து காட்டும் மில்லை நான் வேறெங்கும் கண்டதில்லை.

குறைகளும் உண்டு. மருந்தின் பெயரை எழுதுகிறவர்கள், ஒரு கன மீட்டர் மரத்தில் எத்தனை கிலோ ஏறியது என்பதை எழுதுவதில்லை. கேட்டபோது பதிவேட்டைப் பார்த்து வாய்மொழியாகச் சொன்னார்கள். சில பலகைகள் லேசாக முறுக்கியிருந்தன, மாற்றித் தந்தார்கள். மருந்து ஏற்றாத பலகையைவிட விலை கூடுதல், அது நியாயமே. போரானையும் முற்றிலும் தீங்கற்றது என்று விளம்பரம் செய்யக் கூடாது: இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடியது என்ற காரணத்தால் ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் போரிக் அமிலத்தைக் கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. வீட்டுக்குள் வண்ணம் பூசிப் பயன்படுத்தும் பலகையில் எனக்கு அந்தத் தயக்கம் இல்லை; அறுக்கும் ஆசாரி மட்டும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நல்லது.

மாட்டுத்தொழுவத்துக்குத் தூண் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். போரான் மருந்து தண்ணீரில் கரையும்; மண்ணிலும் மழையிலும் நிற்கும் மரத்திலிருந்து கழுவிப் போய்விடும். அங்கே நிலைத்து நிற்பது செம்பு, குரோமியம், ஆர்செனிக் சேர்ந்த பச்சை நிற மருந்து. அதை 1933-இல் உருவாக்கியவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொன்டி காமேசம் என்ற இந்தியப் பொறியாளர் என்பதில் நமக்குப் பெருமை இருக்கலாம். ஆனால் அதே மருந்தை வீட்டு உபயோக மரத்துக்கு ஏற்றுவதை அமெரிக்காவில் 2003 முடிவோடு உற்பத்தியாளர்களே நிறுத்திக்கொண்டனர்; ஐரோப்பிய ஒன்றியமும் 2004-இல் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பச்சை படிந்த பழைய கம்பங்களை விறகாக அடுப்பில் வைப்பவர்கள் நம் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். எரித்தால் ஆர்செனிக்கின் ஒரு பகுதி புகையில் போகும், மிச்சம் சாம்பலில் தங்கும், அந்தச் சாம்பல் நேராக வாழை மூட்டுக்குத்தான் போகிறது. தொழுவத்துக்கு அயனித் தூணோ சிமெண்ட் தூணோ போதும் என்று மில்காரர் சொன்னது, விற்க வேண்டிய இடத்தில் விற்காமல் விட்ட யோசனை.

மழைக்காலத்தில் உலர்த்துவதற்கு நாள் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மில் இயங்காது. வண்டி வாடகை தனி.