ஹெஎயா மீன்குளம்: காசு வேண்டாம், முதுகு வேண்டும்

ஹவாயில் ஓவாஹு தீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வைக்கீகி மணலில் படுத்துவிட்டுத் திரும்பி வருவார்கள். நாங்களும் நாலு நாள் அதைத்தான் செய்தோம். அடுத்து வந்த சனிக்கிழமை, மலைக்கு அந்தப் பக்கம் கானேயோஹே விரிகுடாவில் இருக்கிற ஹெஎயா மீன்குளத்தில் (அந்தக் காலத்து ஹவாய்க்காரர்கள் கடலோரத்தில் கல்சுவர் கட்டி மீன் வளர்த்த இடம்) தன்னார்வ வேலைக்குப் பெயர் கொடுத்திருந்தோம்.

பார்த்ததும் ஏமாற்றம்தான், மறைக்க என்ன இருக்கிறது. கடலோரமாக ஒரு தாழ்ந்த கல்சுவர், உள்ளே கலங்கல் தண்ணீர், அவ்வளவுதான். அந்தச் சுவர்மேல் நடக்க ஆரம்பித்த பிறகுதான் வாயை மூடினேன். சுற்றி ஏறக்குறைய 2 கிலோமீட்டர், உள்ளே 88 ஏக்கர் தண்ணீர், வயது 600 முதல் 800 வருடம் இருக்கும் என்கிறார்கள். சிமெண்டு, சுண்ணாம்பு எதுவும் இல்லை. வெளியே ஒரு வரிசை உள்ளே ஒரு வரிசை எரிமலைக்கல், நடுவில் பவளக்கல்லைக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். மற்ற ஹவாய் மீன்குளங்களில் பல, கரையிலிருந்து வளைந்து போய்க் கரையிலேயே முடிகிற சுவர் கொண்டவை. இது முழுச் சுற்று, ஆற்றுப் பக்கமும் சேர்த்து.

எனக்குப் பிடித்தது மடைதான். மாகாஹா என்று பெயர். குச்சிகளை நெருக்கமாக நிறுத்தி வைத்த ஒரு கதவு. மீன்குஞ்சு இடுக்கு வழியாக உள்ளே நுழைந்துவிடும். ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற இடம் என்பதால் பாசி செழிப்பாக வளரும். மடவையும் பால்மீனும் அதைத் தின்று கொழுத்த பிறகு, வந்த வழியே வெளியே போக முடியாது! கடல் ஏறும்போது புதுத்தண்ணீரைத் தேடிப் பெரிய மீன்கள் தானாகவே மடையருகே வந்து கூடும், வலையால் அள்ள வேண்டியதுதான். இதை யோசித்தவனுக்கு ஒரு கும்பிடு.

1965 வெள்ளத்தில் சுவர் பெரிதாக உடைந்துபோனது. வெளியிலிருந்து கொண்டுவந்த அலையாத்தி மரங்கள் வேறு கல்லுக்குள் வேரை விட்டுப் பிளந்துவிட்டன (நாம் கரையைக் காக்க நடுகிற மரம், அங்கே வெட்டித் தள்ளுகிறார்கள்). 2001ல் தொடங்கிய பைபை ஓ ஹெஎயா என்ற அமைப்பு, ஊர்க்காரர்களையும் என்னைப்போல வந்துபோகிறவர்களையும் வைத்து, கல் கல்லாக அடுக்கி அந்த உடைப்பை 2015ல் அடைத்தது. மரம் அகற்றுகிற வேலையும் சுவர் வேலையும் இன்னும் ஓடுகிறது.

எங்களுக்குக் கிடைத்த வேலை, வரிசையில் நின்று கல்லைக் கை மாற்றுவது. ஒரு மணி நேரம் ஜாலியாக இருந்தது, அப்புறம் முதுகு பேச ஆரம்பித்தது. முந்தின நாள் ஒரு கடையில் மலிவாக வாங்கிய தண்ணீர் ஷூவின் அடிப்பாகம் சேற்றிலேயே கழன்று நின்றுவிட்டது, மீதி நேரம் நொண்டிக்கொண்டே வேலை. நல்ல ஷூவாகப் போட்டுப் போங்கள், மாற்றுத்துணியும் கட்டாயம். முட்டி வலி உள்ளவர்களும், மீன் பொரித்துத் தருவார்கள் என்று நினைப்பவர்களும் வேறு இடம் பார்க்கலாம்.

ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண்ணைக் குறைத்தது கொசு.